சாமியாரான கண்டக்டர்

கீழ்பென்னாத்தூர்
13.8.2024

மதிவதனிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். பாரத்தை இறக்கி வைத்தவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

சனிக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு உங்கள் கணவரைத் திருவண்ணாமலை ராஜகோபுர வாசலில் என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். "கூட்டம் கம்மியாதான் இருக்கு டீச்சர், அரை மணியில வந்துடறேன்" என்றீர்கள். சாயங்காலம் ஆறு மணி வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். நீங்கள் உள்ளே எங்காவது மயங்கி விழுந்திருப்பீர்கள் என்று நினைத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மைக்கில் உங்கள் பெயரை மூன்று முறை சொல்லச் சொன்னேன். தரிசனம் முடித்து வந்த பெண்களை எல்லாம் நிறுத்தி, பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். உங்கள் போன் அணைந்தே கிடந்தது. இன்றுவரை அப்படித்தான் கிடக்கிறது.

லாட்ஜுக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். கவுன்டரில் இருந்த திருமலை, "அந்தம்மா காலையிலயே ரூமைக் காலி பண்ணிட்டாங்களே" என்றான். அதற்குப் பிறகுதான் நீங்கள் அவர் காலடியில் வைத்துவிட்டுப் போன பையைத் திறந்து பார்த்தேன். துவைத்து மடித்த நான்கு சட்டை, மூன்று வேட்டி, இரண்டு மாதத்துக்கான மாத்திரை. அடியில் உங்கள் கையெழுத்தில் ஒரு காகிதம். கத்திரிக்காய் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்ட வேண்டும். குளிக்க வெந்நீர். கோபம் வந்தால் எதிரே நிற்க வேண்டாம். எவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்கிறீர்கள்! படித்துவிட்டு லாட்ஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாம் பழகியது இரண்டே நாள். வியாழக்கிழமை லாட்ஜ் மாடிப்படியில் அவர்தான் முதலில் என்னை மறித்தார். "எங்கம்மா எறங்கணும்?" என்றார். நான் முழித்தேன். "பிரைவேட் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு, இப்ப ஞாபகம் தப்பிடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க" என்று நீங்கள் ஓடி வந்தீர்கள். "வாணியம்பாடி ஒண்ணு குடுங்க" என்று நான் கை நீட்டினேன். அவர் இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் நான் ஏமாந்தேன்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்த கோபுரம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, ஐம்பது மைல் தள்ளி இருக்கிற கோபுரத்தை நேரில் பார்க்காமலே ரிட்டையர் ஆனவள். என் வீட்டுக்காரர் போன பிறகு தனியாக ஊர் பார்க்கக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. தங்கை வீட்டில் தங்கினால் பிரியாணி போட்டே படுக்க வைத்துவிடுவாள் என்று பயந்து லாட்ஜில் ரூம் எடுத்தேன். ஊர் பார்க்க ஒரு துணை கிடைத்ததே என்று உங்களைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? மூன்று பேருமாக ஆயிரங்கால் மண்டபம் பார்த்தோம். விருபாட்ச குகைக்குப் போகிற படியில் பாதி ஏறி உட்கார்ந்து, கீழே தெரிந்த நான்கு கோபுரங்களையும் பார்த்தபடி உங்கள் பூரியில் பாதியைச் சாப்பிட்டேன். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். வெட்கம் என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இவள் துலுக்கச்சிதானே, சந்நிதிக்குள் வரமாட்டாள், வெளியேதான் உட்கார்ந்திருப்பாள் என்று முன்பே கணக்குப் போட்டீர்களா?

போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று எழுந்தேன். எழுதினால் உங்கள் பெயரும் அதில் போகும். அந்தப் பூரியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது அவர் கீழ்பென்னாத்தூரில் என் தங்கை பிர்தௌஸ் வீட்டில் இருக்கிறார். தங்கை புருஷன் குலாம் ரசூல் மல்லாட்டை மண்டி வைத்துக் கடலை வியாபாரம் செய்பவர், நல்ல மனிதர். ஆனால் எத்தனை நாளைக்கு? லாட்ஜ் நோட்டில் இருந்து உங்கள் முகவரியை எடுத்தேன். வந்து அழைத்துப் போங்கள்.

கைசர் ஜஹான்


மதுராந்தகம்
20.8.2024

அம்மா,

பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டதால் வரவில்லை என்று சொல்ல முடியாது.

அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்கவில்லை. "நீங்க நிம்மதியா சாமி பாத்துட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். யோசித்துப் பாருங்கள். பையை எடுத்துக்கொண்டு வேறு யார் பக்கத்திலோ உட்கார வைக்கத்தான் கிளம்பினேன். நீங்கள் அப்படிச் சொன்னதும் வேறு இடம் தேடிப் போகத் தோன்றவில்லை.

வெளியேதான் இருப்பீர்கள் என்று நினைத்தது உண்மை. அதில் பொய் சொல்ல மாட்டேன்.

நான் வரமாட்டேன். உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த ஊரில் தினமும் அன்னதானம் நடக்கிறது. கிரிவலப் பாதையில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவரையும் உட்கார வையுங்கள். போன் நம்பரை மாற்றிவிட்டேன். கேட்காதீர்கள். எழுதவும் வேண்டாம்.

மதிவதனி


கீழ்பென்னாத்தூர்
27.8.2024

மதி,

"எழுதவும் வேண்டாம்" என்று எனக்கு உத்தரவு போடுகிறீர்கள். நான் ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தரவையே கேட்காதவள்.

உங்கள் கணவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி கேட்கவில்லை. நானே சொல்கிறேன். காலையில் எழுந்ததும் வாசலில் நின்றுகொள்கிறார். தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை எல்லாம், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று ஏற்றி விடுகிறார். வாயிலேயே விசில் அடிக்கிறார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பிர்தௌஸ் தட்டு வைத்தால், "நீங்க சாப்டீங்களாம்மா?" என்று கேட்காமல் கை வைப்பதில்லை. என் வீட்டுக்காரர் முப்பது வருடத்தில் ஒருநாள்கூட அப்படிக் கேட்டதில்லை. அவர் மனதுக்குள் கேட்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

இப்படி ஒரு சாதுவான மனிதரை நடுத்தெருவில் விட்டுப்போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஞாபகம் போனால் மனிதனே போய்விட்டதாக அர்த்தமா? சிரமம் எனக்கும் தெரியும். என் மாமியார் நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். நான்தான் பார்த்தேன். எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை.

நேற்று அவர் உங்கள் பெயரைச் சொன்னார். "மதி எங்க?" என்றார். வருவாள் என்றேன். "அவ வரமாட்டா, கோச்சிக்கினு போயிட்டா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் கல்லாக இருந்தாலும் நான் அப்படி இருக்க முடியாது.

பிள்ளையார் சதுர்த்திக்கு முன்பு நீங்கள் வராவிட்டால், நானே அவரை அழைத்துக்கொண்டு மதுராந்தகம் வந்து உங்கள் வாசலில் நிற்பேன். தெரு பார்க்கட்டும்.

கைசர் ஜஹான்


மதுராந்தகம்
2.9.2024

டீச்சர்,

வராதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வந்தால் என்ன கெட்டுப்போகும் என்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

திருவண்ணாமலையில் நீங்கள் என் இடது பக்கமாகவே நடந்து வந்தீர்கள். கிருஷ்ணதேவராயர் கதை, நாயக்கர் கதை எல்லாம் சொன்னீர்கள். எனக்குப் பாதிதான் கேட்டது. இடது காது கேட்காது. 1998இல் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று அவர் அறைந்ததில் போனது. அவருடைய தோள்பைக்கு ஒரு தோல் வார் உண்டு. டியூட்டி முடிந்து வந்து அதை அவிழ்க்கிற சத்தத்திலேயே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்தோரு வருடம். குடிக்க மாட்டார். குடித்தாலாவது அதைச் சொல்லி ஆறுதல் பட்டிருப்பேன். வெளியில் தங்கமான மனிதர். பஸ்ஸில் கிழவிகளைக் கைப்பிடித்து இறக்கி விடுவார். தெருவில் யாரிடம் போய்ச் சொல்வது?

கவியா என்று எனக்கு ஒரே மகள். பெங்களூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு ஒன்பது வயதில், என் மேல் விழ இருந்த அடிக்குக் குறுக்கே கை நீட்டி விரல் உடைந்தது. உலகத்தில் எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அவள்தான். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து இப்போது முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே பார்க்க வேண்டும்? "அந்த ஆள் இருக்கற வூட்ல என் புள்ள பொறக்காதும்மா" என்று சொல்லிவிட்டாள். ஜூலை கடைசியில் சொன்னாள். ஆகஸ்ட் எட்டாம் தேதி நான் பஸ் ஏறினேன்.

இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் இல்லை. சாதுவாகிவிட்டார். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று என்னையும்தான் கேட்பார். அடித்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. எனக்கு எதுவும் மறக்கவில்லை. மறந்தவருக்கு நான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, நகம் வெட்டினேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "எவ்ளோ அமைதியான மனுஷன், நீ குடுத்து வெச்சவ" என்றார்கள். போன வாரம் நீங்களும் அதையே எழுதினீர்கள்.

ஊரில் அவர் எங்கே என்று கேட்டார்கள். "அண்ணாமலைக்குப் போன இடத்துல, இனிமே வூட்டுக்கு வரல, இங்கியே இருந்துடறேன்னு காவி கட்டிக்கினாரு" என்று சொன்னேன். கவியாவிடமும் அதைத்தான் சொன்னேன். வேறு எந்த ஊர் பெயரைச் சொல்லியிருந்தாலும் போலீசுக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். திருவண்ணாமலை என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் அவரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் என் மகள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள்.

நாம் சுற்றிய அந்த ஒரு நாள் நான் நடிக்கவில்லை. சிரித்தது எல்லாம் நிஜம். அதனால்தான் உங்களிடம் விட்டேன்.

மதிவதனி


கீழ்பென்னாத்தூர்
30.9.2024

மதி,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு மதுராந்தகம் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகும் மனதில் ஓரமாக ஒரு எண்ணம் ஓடியது. இந்த மனிதரா? இவள் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சொல்கிறாளோ? தான் செய்ததற்கு ஒரு நியாயம் தேடுகிறாளோ? ஒரு பெண்ணாக இருந்துகொண்டு அப்படி நினைத்தேன். அதற்கான கூலி கிடைத்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. குடை இல்லாமல் அவர் தெருவில் இறங்கப் பார்த்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். எதிரே நிற்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஞாபகம் வரவில்லை. "யாரக் கேட்டு வாசல்ல வந்து நின்ன மதி?" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "நான் மதி இல்லைங்க, டீச்சர்" என்று சொல்வதற்குள் அறை விழுந்தது. மூக்குக்கண்ணாடி உடைந்து கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. மூன்று தையல். கீழே விழுந்த பிறகும் இரண்டு உதை. பிர்தௌஸ் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு சுப்பிரமணி ஓடி வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரத்தத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "யாரும்மா ஒன்ன அடிச்சது? ஆளக் காட்டு, நான் கேக்கறேன்" என்றார். காயத்தில் வாயால் ஊதினார். நான் ஊத விட்டேன்.

ஒரு தடவைக்கே எனக்கு இப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. முப்பத்தோரு வருடம் நீங்கள் எப்படிச் சோறாக்கினீர்கள், எப்படி வேலைக்குப் போனீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். முடியவில்லை.

குலாம் ரசூல் இனிமேல் அவரை வீட்டில் வைக்கக் கூடாது என்றுவிட்டார். வீட்டில் வயசுப் பெண் பர்சானா இருக்கிறாள். அவர் சொல்வது சரி. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு காப்பகம் இருக்கிறது. யாரும் இல்லாதவர்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்கள். சொந்தம் இருக்கிறது என்று தெரிந்தால் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுவார்கள். பாதையில் கண்டெடுத்தேன், பெயர் தெரியாது, யாரும் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிவிடுவேன். ஆனால் உங்களைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. சொல்லுங்கள்.

கைசர்


மதுராந்தகம்
8.10.2024

டீச்சர்,

உங்கள் கடிதத்தை நான் வேலை பார்க்கிற சத்துணவுக் கூடத்தில் வைத்துத்தான் படித்தேன். அரிசி அளந்துகொண்டிருந்த ஆயா, "இன்னாக்கா, யாரு செத்தது?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன்.

உங்கள் முகத்தில் விழுந்தது எனக்கு விழ வேண்டியது. அதை உங்கள் தலையில் கட்டிவிட்டு வந்தவள் நான். வெள்ளிக்கிழமை லீவு போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவரை அழைத்து வந்துவிடுவது, கவியாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன். திண்டிவனம் தாண்டும்வரை மனது மாறவில்லை. செஞ்சியில் பஸ் நின்றது. கண்டக்டர் கீழே இறங்கி, "திருவண்ணாமலை, அண்ணாமலை" என்று கூவிக்கொண்டே தோள்பை வாரைச் சரி செய்தார். நான் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் போய் நின்றேன். எந்த பஸ் ஏறினேன், எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

யாரும்மா அடிச்சது என்று உங்களைக் கேட்டாரா? அதைத்தான் என்னாலும் தாங்க முடியவில்லை. இந்தக் காதைத் தொட்டுப் பார்த்து, "ஒனக்கு ஏன் கேக்கல, பொறவியிலயே அப்படியா?" என்று என்னையும் ஒருநாள் கேட்டார். நான் யாரைக் காட்டுவது?

எழுதிக் கொடுங்கள். பெயர் தெரியாது என்றே சொல்லுங்கள். இவருக்கு யாரும் இல்லை என்றும் நீங்கள் எழுத வேண்டியிருக்கும். எனக்கு அதை நினைத்தால் வயிறு எரிகிறது. யாரும் இல்லாத ஆளா என்னை இத்தனை வருடம் அடித்தது? என் வாழ்க்கையையே இல்லை என்று எழுதச் சொல்லி நானே உங்களிடம் கேட்கிறேன். இருந்தாலும் எழுதுங்கள். கவியாவுக்கு இது நாலாம் மாதம். இரண்டு முறை கலைந்து தங்கிய பிள்ளை.

உங்கள் கண் எப்படி இருக்கிறது? தையல் பிரித்தார்களா?

மதி


வாணியம்பாடி
13.1.2025

மதி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் யாரும் வேண்டாம்.

அக்டோபர் பதினைந்தாம் தேதி அவரைக் காப்பகத்தில் சேர்த்தேன். அங்கே சேர்க்கைப் பாரம் எழுதிக்கொள்கிறவர் மூர்த்தி என்று ஒருவர். "உங்களுக்கு இவர் இன்னா ஆவணும்மா?" என்றார். ஒன்றும் ஆக வேண்டாம், கிரிவலப் பாதையில் பார்த்தேன் என்றேன். பக்கத்து ஸ்டூலில் இருந்து உங்கள் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தம்மா நம்ம பஸ்ல டெய்லி வர்றவங்க சார், நல்ல மாதிரி" என்று எனக்காகப் பரிந்து பேசினார். மூர்த்தி சிரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். பெயர் தெரியாதவர்களுக்கு அவர்களே ஒரு பெயர் வைக்கிறார்கள். இவருக்கு அருணாசலம் என்று வைத்தார்கள்.

பிறகு நான் ஊருக்கு வந்துவிட்டேன். மாதம் ஒரு முறை தங்கையைப் பார்க்கப் போகும் சாக்கில் அங்கேயும் எட்டிப் பார்த்தேன். பாதை ஓரத்தில் அவரைப் போல் உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் போவேன். இதில் எத்தனை பேருக்கு எந்த ஊரில் ஒரு மதி இருக்கிறாளோ என்று தோன்றும். நவம்பரில் என்னை அடையாளம் தெரிந்தது. டிசம்பரில் தெரியவில்லை. யாரோ தானமாகக் கொடுத்த காவி வேட்டி கட்டியிருந்தார். நீங்கள் ஊரில் சொன்ன பொய் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. மழையில் பிடித்த சளி விடாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள்.

போன சனிக்கிழமை போனேன். கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை போய்விட்டாராம். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். திங்கள் இரவா, செவ்வாய் விடியலா என்று அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குத் தேதிகளை மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். உங்களுக்குச் சரியான ஒரு தேதியைச் சொல்ல முடியவில்லை. கேட்க ஆள் இல்லாதவர் என்பதால் விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்து எரித்துவிட்டார்கள். கூட யார் போனது என்று கேட்டேன். அவரவர் வேலைக்கு இடையில் இரண்டு பேர் போனார்களாம். எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றப் போகிறது? நான்தான் யாருமில்லை என்று எழுதிக் கொடுத்தவளாயிற்றே.

நோட்டில் அருணாசலம் என்பவர் இறந்திருக்கிறார். உங்கள் கணவர் ராமதாஸ் இறந்ததற்கு எங்கேயும் ஒரு எழுத்து இல்லை. அது இந்தக் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாவிட்டால் கிழித்துவிடுங்கள்.

நான் அவருக்காக அழுதேன். உங்களுக்காகவும் அழுதேன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழ முடியும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

கைசர்


மதுராந்தகம்
3.2.2025

டீச்சர்,

உங்கள் கடிதம் ஜனவரி பதினேழாம் தேதி வந்தது. படித்ததும் தலைக்குக் குளித்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். பொட்டு வைப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. வாசலில் எதிர்வீட்டு சரோஜா கூப்பிடும் சத்தம் கேட்டது. வைத்துக்கொண்டு வெளியே போனேன்.

அழுகை வரவில்லை. அவர் செத்தால் இப்படி இருப்போம், அப்படி இருப்போம் என்று எத்தனையோ வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். தாலியைக் கழற்றி உண்டியலில் போடுவது வரைக்கும் நினைத்திருக்கிறேன். இப்போது கழற்ற முடியாது. கழற்றினால் எப்போது செத்தார், எங்கே செத்தார், நீ ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். நான் போகும்வரை அது என் கழுத்தில்தான் கிடக்க வேண்டும்.

நேற்று கவியாவுக்கு வளைகாப்பு. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மணையில் உட்கார்ந்த என் பிள்ளைக்கு நான் வளையல் போடக் கூடாது, ஓரமாக நில் என்றிருப்பார்கள். சொல்லவில்லை. அதற்கும் மேலே ஒன்று நடந்தது. "சாமியார் சம்சாரம்தான் மொதல்ல போடணும்" என்று சரோஜா என்னைக் கைப்பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள். எங்கள் தெருவில் இப்போது எனக்குப் பெயரே அதுதான். வயசில் சின்னவர்கள் எல்லாம் என் காலில் விழுந்து குங்குமம் வாங்கிக்கொண்டார்கள். புருஷனை ஆண்டவனுக்கே கொடுத்துவிட்ட புண்ணியவதியாம். செத்து நாலு வாரமாகாத மனிதனின் பெண்டாட்டி, மஞ்சள் பூசிய கையால் எல்லோருக்கும் பொட்டு வைத்தேன்.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை டீச்சர். இதையும் பொறுத்துக்கொள்வேன், பழக்கம்தான். வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு கவியா என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். கை நிறைய வளையல். அவற்றை உருட்டிக்கொண்டே, "அம்மா, அப்பா மேல எனக்கு இப்ப கோவமே வரல" என்றாள். "எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு மனுஷன் போறார்னா, செஞ்சதை நெனச்சு உள்ளுக்குள்ள எவ்ளோ வெந்திருப்பாரு? நாமதான் அவரைப் புரிஞ்சிக்கல. நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்மா" என்றாள்.

குறுக்கே கை நீட்டிய பிள்ளை சொல்கிறாள். அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தடவிக்கொண்டு சொல்கிறாள். எனக்கு இருந்த ஒரே சாட்சியை நானே ஒரு பொய் சொல்லி அவர் பக்கம் அனுப்பிவிட்டேன். அடித்தவர் ஞானியாகிவிட்டார். அடி வாங்கியவள் அனுசரிக்கத் தெரியாதவள். அவரை விட்டதற்கு எனக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். இது என் நினைப்பிலேயே இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஏழாம் மாத வயிற்றோடு படுத்திருக்கிறவளிடம், உன் அப்பாவைக் கோபுர வாசலில் விட்டுவிட்டு வந்தேன், அவர் அநாதையாக எரிந்துபோனார் என்று எப்படிச் சொல்வது? "தூங்குடி" என்றேன்.

பங்குனிக் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் அண்ணாமலைக்குத் தூக்கிப் போய் அவள் அப்பா மடியில் போட வேண்டுமாம். அவர் வாயால் பெயர் வைக்க வேண்டுமாம். எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது என்றேன். "கிரிவலப் பாதையிலதானே இருப்பாரு, பதினாலு கிலோமீட்டரும் நடந்து தேடலாம்மா" என்கிறாள். மாப்பிள்ளை வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

ஆடி மாதம் வருகிறோம் டீச்சர். காவி கட்டிக்கொண்டு பாதை ஓரம் உட்கார்ந்திருக்கிறவர்களில் எந்த மனிதரைக் காட்டி, இதுதான் உன் அப்பா என்று என் பிள்ளையிடம் சொல்வது?

மதி